பலகைச் சாவி

‘மலை மேடை’ நிகழ்ச்சி தொலைக்காட்சியில் தொடங்கிப் பதினொரு வருடமாகிறது. ராக்காயியின் முகம் வராத வாரம் இல்லை.

முதல் நிகழ்ச்சியை லிந்துலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், அவள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டு வாசலில்தான் எடுத்தார்கள். நிகழ்ச்சி நடத்த வாடகைக் கேமராவோடு வந்த சுந்தரலிங்கம் மைக்கை நீட்டியதும், கூட வந்திருந்த தொழிற்சங்கத் தலைவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. எங்களுக்கு வீடு எப்பங்க?"

"ஆறு மாசத்துல கையில சாவி," என்றார் தலைவர்.

அந்தக் கேள்வியால் நிகழ்ச்சி பிழைத்துக்கொண்டது. தலைவரின் விளம்பரம் வந்தது. சுந்தரலிங்கத்துக்கு ஹட்டனில் ஸ்டூடியோவும் வேனும் வந்தன. வாராவாரம் நிகழ்ச்சியின் முகப்புக் காட்சியில் ராக்காயி வாயசைப்பாள். குரலை எடுத்துவிட்டு இசை போட்டிருந்தார்கள். அடுத்துத் தலைவர் கும்பிடுவார்.

வீடு மட்டும் வரவில்லை. மூன்றாம் வருடம் மண் இறங்கிப் பின்சுவரையும் அவள் புருஷனையும் கொண்டுபோனது. சுந்தரலிங்கம் அதையும் படம் பிடித்தான்.

போன புதன்கிழமை ஆண்டு விழா நிகழ்ச்சிக்கென்று மறுபடி வந்தான். தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது.

"அத்த, இன்னைக்கு மட்டும் வாய மூடிக்கங்க," என்றாள் மருமகள் சுதர்ஷினி. "வீட்டு லிஸ்ட்ல பதினாலாவது நம்ம பேரு."

"கூடைய மாட்டிக்கங்கம்மா," என்றான் சுந்தரலிங்கம்.

"கூடைக்கு எங்க போறது தம்பி? சாக்குலதான கொழுந்து எடுக்குறோம்."

"வேன்ல இருக்கு."

மாட்டிக்கொண்டாள். முழநீளப் பலகையில் வெட்டித் தங்கநிறம் பூசிய சாவியொன்றைத் தலைவர் சார்பில் அவள் கையில் கொடுத்தான். சிரிக்கச் சொன்னான். சிரித்தாள். கேமராவை அணைத்ததும் கையை நீட்டினான்.

"குடுங்கம்மா. நாலு மணிக்கு நோட்டன் பிரிட்ஜ்ல ஷூட்டிங்குக்கு வேணும்."

"அங்க வீடு கட்டிட்டாங்களா?" என்றாள் சுதர்ஷினி.

"எங்க கட்டுனாங்க? லிஸ்ட்லயே இன்னும் கையெழுத்து விழல. தேர்தல் முடியட்டும்."

சுதர்ஷினி மாமியார் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி இடுக்கிக்கொண்டாள். "நாங்க வாங்குனதாத்தான டீவியில காட்டுவீங்க? வாங்கிட்டோம். போயிட்டு வாங்க."

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். "தலவாக்கலையில ஆசாரி இருக்காரு, அஞ்சு நிமிசத்துல இன்னொண்ணு அறுத்துக் குடுப்பாரு," என்றாள் ஒருத்தி.

சுந்தரலிங்கம் ராக்காயியிடம் திரும்பினான். "மருமகளுக்குச் சொல்லி வைங்க. ஒரு போன் போட்டா உங்க பேர வெட்டிருவாங்க."

ராக்காயி கூடையைக் கழற்றி அவன் காலடியில் போட்டாள். "வெட்டச் சொல்லு. பதினோரு வருசமா என் சத்தத்த வெட்டுன. பேரு மட்டும் எதுக்கு?"

சாவியில்லாமலே வேன் கீழே இறங்கியது.

வெள்ளிக்கிழமை தோட்ட ஆபீசில் ஒட்டிய புதுப் பட்டியலில் பதினாலாவது வேறு பெயர். சுதர்ஷினி மேலிருந்து கீழே மூன்று தரம் படித்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முகப்பில், அதே கூடையோடு, நோட்டன் பிரிட்ஜ் பெண்ணொருத்தி வாயசைத்தாள். அடுத்துத் தலைவர் கும்பிட்டார்.

"என்ன கேட்டாளோ பாவி," என்றாள் ராக்காயி.

மழை பிடித்தது. சுதர்ஷினி பெட்டி மேல் ஏறி, கூரைத் தகரம் விரிந்த இடத்தில் பலகைச் சாவியைச் செருகி அடித்தாள். ஒழுகல் குறைந்தது, நிற்கவில்லை. பூச்சு கரைந்து அடுப்போரம் மஞ்சளாகச் சொட்டியது. ராக்காயி மாவுச் சட்டியை நகர்த்தி வைத்தாள்.