‘சரி’ என்று விழுந்த சீட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு பின்னேரம் காத்தான்குடியில் முனாபின் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு புருசனும் பெண்சாதியும் அணுகுண்டைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு போனது காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். தெருவே கேட்டது. எப்படி என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

இதை எங்கே தொடங்குவது என்பதில்தான் ஒரு கிழமை போனது.

‘1945 ஆகஸ்ட் ஆறாம் திகதி காலை, தெளிந்த வானத்தில் ஒற்றை விமானம்—’

[வேண்டாம். நான் அங்கே இருக்கவில்லை. இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.]

‘மட்டக்களப்பு வாவி வழமைபோல அமைதியாக—’

[இதுவும் வேண்டாம். அன்றைக்கு நல்ல காற்று, வாவி கலங்கிப்போய்க் கிடந்தது.]

‘செசீலியாவின் குரல் தெரியாத ஆள் கல்லடியில் இல்லை.’

இது நிற்கும். ஏனென்றால் இது உண்மை. அவளுடைய புருசன் ஜொய்சனின் ஓட்டோக் கூரையில் முன்னும் பின்னுமாக இரண்டு ஒலிபெருக்கிகள் கட்டியிருக்கும். அவன் ஓட்டுவான், அவள் பின்னால் இருந்து மைக்கில் சொல்லுவாள். தண்ணீர் வெட்டு, கோயில் திருவிழா, மலிவு விற்பனை எல்லாம் சொல்லுவாள். என்றாலும் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது மரண அறிவித்தல்தான். “உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும்” என்று அவள் இழுத்தால் அடுப்பில் கறி கருகினாலும் சனம் அசையாது. ஒருமுறை துணிக்கடை மலிவு விற்பனையை மறதியில் அதே குரலில் சொல்லிவிட்டாள். ‘ஆருக்கு என்ன?’ என்று ஊரே படலைக்கு ஓடிவந்தது. கடைக்காரர் கோபிக்கவில்லை. அவ்வளவு கூட்டத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை.

2

ஆரையம்பதியில் ஒரு வாசகர் வட்டம், அதற்கு ஓர் ஆண்டுவிழா, விழாவுக்கு ஒரு பட்டிமன்றம். போன வருடத் தலைப்பு ‘குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா?’ அதோடு இரண்டு வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதாம். ஆகவே இம்முறை நடுவர் கதிர்காமத்தம்பி, ஓய்வுபெற்ற தபாலதிபர், யாருக்கும் மனம் நோகாத தூரதேசத்துத் தலைப்பாகத் தேடி எடுத்தார்: ‘போரை முடிக்க அணுகுண்டு போட்டது சரியா, பிழையா?’

(அவருடைய அந்த நல்லெண்ணத்தை நினைத்து எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.)

குரலுக்காகத்தான் செசீலியாவைக் கூப்பிட்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ‘சரி’ விழுந்தது.

“ஐயா, மற்றப் பக்கத்தைத் தாங்களன்,” என்றாள். “நான் செத்தவீட்டுக்கு அறிவிப்புச் சொல்லுறவ. நான் போய்க் குண்டு போட்டது சரியெண்டு சொன்னா சனம் என்ன நினைக்கும்?”

“தொழிலைப் பெருக்கப் பாக்கிறா எண்டு நினைக்கும்,” என்றார் கதிர்காமத்தம்பி. “போ புள்ள. பட்டிமன்றத்துக்கு மனச்சாட்சி தேவையில்ல. தொண்டைதான் தேவை.”

தொண்டை அவளிடம் இருந்தது. வாசித்து வாசித்து விசயமும் சேர்ந்தது. ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. நாகசாகியில் குண்டு விழுந்த இடத்துக்குக் கிட்ட ஒரு பெரிய மாதா கோயில் இருந்தது, பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புக் கேட்க வந்த சனத்தோடு அது இடிந்தது என்று கைத்தொலைபேசியில் வாசித்திருந்தாள். ‘இது எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாமப் போகோணும் மாதாவே’ என்று மாதாவிடமே வேண்டினாள்.

வீட்டில் ஜொய்சன்தான் எதிரணி. இறால் உரித்துக்கொண்டே மறுத்துப் பேசுவான், அவள் கரண்டியோடு பதில் சொல்லுவாள். நல்ல பகிடியாகப் போகும். ஆனால் “சண்டை நீண்டிருந்தால் இதைவிடப் பல மடங்கு சனம் செத்திருக்கும்” என்ற இடத்துக்கு அவள் வந்ததும் அவன் எழும்பிவிடுவான். ஒருநாள் பூனையைத் துரத்த. இன்னொருநாள் ஓட்டோவுக்குக் காற்றுப் பார்க்க.

[இங்கே நிக்சனைச் சொல்ல வேண்டும். ஜொய்சனின் அண்ணன். லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போனவர், பாதை பூட்டி அங்கேயே அகப்பட்டார். 2009இல் போர் முடிந்தபோது அந்தக் கடைசித் துண்டு நிலத்தில் இருந்தார் என்று கண்டவர்கள் சொன்னார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. வீட்டில் படம் இருக்கிறது, மாலை இல்லை. ‘உங்கட கதைகளில காணாமல்போன அண்ணன்மார் கூடிப்போச்சு, இவரை விட்டுருங்க’ என்றார் என் நண்பர் ஒருவர். ஊரிலும் கூடத்தான் என்றேன்.]

செசீலியாவுக்கு அது உறைக்கவில்லை. பூனையைத்தான் துரத்துகிறார் என்று நினைத்தாள்.

3

விழா அன்றைக்கு மண்டபத்து மைக் சரியான நேரத்தில் செத்துப்போனது. ஜொய்சனின் ஓட்டோவிலிருந்து மைக்கையும் சத்தம் பெருக்கும் பெட்டியையும் கழற்றி மேடையில் வைத்தார்கள். சொந்த மைக் கைக்கு வந்ததும் செசீலியாவுக்குப் பயம் பறந்துவிட்டது.

“தூரத்துச் சண்டை எண்டு நினைக்காதீங்க,” என்று தொடங்கினாள். “நம்மட கடலுக்குள்ள வெள்ளைக்காரன்ட பெரிய கப்பல் ஒண்டு தாண்டு கிடக்கு. தாட்டது ஆர்? யப்பான்ட விமானம். சண்டை இன்னும் நீண்டிருந்தா நம்மட வாசலுக்கு வந்திருக்காது எண்டு ஆர் சொன்னது?” பின்வரிசையில் விசில் பறந்தது.

எதிரணியில் ஹிதாயா. காத்தான்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவள். குரல் மெல்லியது, கேள்வி கூர்மையானது. “சரி, முதல் குண்டை விடுவம். மூண்டு நாளில ரெண்டாவது ஏன்? என்ன நடந்தது எண்டு அவங்க போய்ப் பாத்து வரவே மூண்டு நாள் காணாது. யோசிக்கக் காணுமா?” என்றவள் செசீலியாவின் பக்கம் திரும்பினாள். “அக்கா ஒரு செத்தவீட்டுக்குப் பேரு, ஊரு, ஆரிட புள்ள, ஆரிட பொண்டாட்டி எண்டு எல்லாம் சொல்லுவா. அந்தப் பட்டணத்துக்கு ஆரு சொன்ன? சொல்ல வேண்டிய ஆக்களும் சேந்துதானே மௌத்தாப் போனாங்க!”

கதிர்காமத்தம்பிகூட விசிறியை நிறுத்தினார்.

செசீலியா எழும்பினாள். “உண்மைதான் தங்கச்சி. அந்தப் பட்டணத்துக்குச் சொல்ல ஆளில்ல. ஆனா சண்டை இன்னும் ஒரு வருசம் இழுபட்டிருந்தா? யப்பானிலயும் சீனாவிலயும் எத்தின ஊருக்குச் சொல்ல ஆளில்லாமப் போயிருக்கும்? பட்டினியில சாகப்போற புள்ளைக்கு ஆர் கணக்கு வச்சது? ரெண்டு ஊரோட நிண்டுதே எண்டு சந்தோசப்படுங்க!”

கைதட்டு ஓயவில்லை. அவள் ஜொய்சனைத் தேடினாள். அவன் இருந்த கதிரை வெறுமையாகக் கிடந்தது.

4

இந்த இடத்தில் முதல் வரைவில் நான் எழுதியது இது: ‘அந்த வெறுங்கதிரையைக் கண்டதும் செசீலியாவின் குரல் உடைந்தது. மைக்கை வைத்துவிட்டு—’

செசீலியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அப்பிடி ஒண்டும் நடக்கல்ல. எனக்கு நல்ல சந்தோசமா இருந்திச்சு. வெண்டவளுக்கு வேற எப்பிடி இருக்கும்? அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார் எண்டுதான் நினைச்சன்.”

ஆகவே வெட்டிவிட்டேன். தீர்ப்பு மட்டும் வரவில்லை. “அடுத்த கூட்டத்தில எழுத்தில தருவன்,” என்று சொல்லிக் கதிர்காமத்தம்பி சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார்.

5

மைக்கையும் பெட்டியையும் யாரோ கொண்டுவந்து ஓட்டோவில் வைத்து வயரைக் கொழுவினார்கள். மைக் செசீலியாவின் மடியில் இருந்தது. நிறுத்த மறந்துபோனார்கள்.

(தங்கள் குரல் ஊர் முழுக்கக் கேட்பது அவர்களுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எஞ்சின் சத்தமாம், எதிர்க்காற்றாம். அதோடு கோபத்தில் தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்பது யாருக்கும் புதினமில்லை.)

“ஏன் எழும்பிப் போனீங்க?”

“காத்துப் பாக்க.”

“அந்தச் சில்லுக்கு எத்தின தரம் காத்துப் பாக்கிற?”

ஓட்டோ காத்தான்குடிப் பிரதான வீதிக்குள் நுழைந்தது. நான் தேநீரைக் கையில் எடுத்தேன்.

“அப்ப கேளு,” என்றது ஜொய்சனின் குரல், முழுத் தெருவுக்கும். “இன்னும் கன சனம் செத்திருக்கும், அதால செத்தது செத்ததுதான் எண்டு சொன்னாயே, அந்தக் கதையை நான் ரேடியோவில கேட்டிருக்கன். நிக்சன் அண்ணன் அங்க கிடக்கக்குள்ள கேட்டன்.”

“நான் யப்பானைச் சொன்னன்!”

“கணக்கு ஒண்டுதானே புள்ள.”

கடைகளில் வியாபாரம் நின்றது. முனாப் சீனிக் கரண்டியோடு வெளியே வந்தார்.

“நான் ஒண்டு கேக்கிறன், கோபிக்கப்படா,” என்றாள் செசீலியா. “சண்டை முடியாட்டி நீங்க ஆமிட சென்றிச் சோதனையைத் தாண்டி என்னப் பாக்க வந்திருப்பீங்களா? கலியாணம் நடந்திருக்குமா? நம்மட டினோஷா பிறந்திருப்பாளா? சண்டை முடிஞ்சது எனக்குச் சந்தோசம். அதைச் சொல்லப் பயந்துதான் இவ்வளவு காலமும் இருந்தன். அண்ணன்ட படத்துக்கு முன்னால புள்ளைக்குக் கேக் வெட்டவும் பயம்.”

“முடிஞ்சது எனக்குந்தான் சந்தோசம். ஆனா முடிச்ச விதம்—”

அவன் முடிக்கவில்லை. நானும் அதை முடிக்கப்போவதில்லை.

“நாகசாகியில மாதா கோயிலும் இடிஞ்சது,” என்றாள் அவள் திடீரென்று. “பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த சனத்தோட. தோத்திருவன் எண்டு ஒளிச்சுப்போட்டன்.”

அப்போதுதான் பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த ஹிதாயா முறுக்கி முன்னுக்கு வந்தாள். ஆரையம்பதியிலிருந்தே மைக் நிற்கவில்லை என்று சொல்லத்தான் துரத்தினாளாம். கேட்கக் கேட்க, சொல்ல மனம் வரவில்லையாம்.

“அக்கா! அதை எனக்குச் சொல்லியிருந்தா நான் வெண்டிருப்பனே!” என்று கத்தினாள். பிறகுதான் முக்கியமான விசயம் அவளுக்கு ஞாபகம் வந்தது. “அதோட, மைக் போட்டபடி கிடக்கு!”

6

ஓட்டோ முனாபின் கடைக்கு முன்னால் நின்றது. செசீலியா தெருவைப் பார்த்தாள். தெரு அவளைப் பார்த்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றே நான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, போட்டது சரியா, பிழையா? ஒண்டைச் சொல்லிட்டுப் போங்க தங்கச்சி,” என்றார் முனாப்.

அவள் மைக்கை எடுத்தாள். மரண அறிவித்தல் குரலும் இல்லை, மேடைக் குரலும் இல்லை. “எனக்குத் தெரியா முனாப் காக்கா. கன சனம் தப்பிச்சு எண்டு நான் சொன்ன கணக்கு, தப்பின நான் எண்ணினா சரியாத்தான் வருது. நிக்சன் அண்ணன் எண்ணினா எப்பிடி வரும் எண்டு நான் பாக்கல்ல.”

ஜொய்சன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி மைக்கை வாங்கினான். அவன் அதைக் கையில் பிடித்துப் பேசி யாரும் கண்டதில்லை.

“நிக்சன் எண்டு எனக்கொரு அண்ணன்,” என்றான். “நீந்தத் தெரியாது. தெரியும் எண்டு சொல்லி ஒருக்கா வாவிக்குள்ள குதிச்சுப்போட்டார். இழுத்துக் கரையில போட்டா, ‘ஆழம் பாக்கத்தான் போனன்’ எண்டார்.”

தெரு சிரித்தது. அவனும் சிரித்தான். இன்னொன்று சொன்னான், பிறகு இன்னொன்று. முனாப் எல்லோருக்கும் தேநீர் ஊற்றச் சொன்னார். ஹிதாயா ஸ்கூட்டரை ஓரமாக விட்டுவிட்டு வந்து செசீலியாவுக்குப் பக்கத்தில் ஏறி இருந்துகொண்டாள்.

இதற்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குண்டு போட்டது சரி. ஒன்றில் பிழை. மூன்றாவதில் கதிர்காமத்தம்பி ஒரு நல்ல வசனம் சொல்கிறார். மூன்றையும் கிழித்துவிட்டேன். அவருடைய எழுத்துத் தீர்ப்பும் இதுவரை வரவில்லை. போனவாரம் கேட்டதற்கு, அடுத்த வருடத் தலைப்பைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்.

ஆகவே தீர்ப்பு உங்களிடம். சரி என்றும் சொல்லலாம், பிழை என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நியாயம் தேடுவது கஷ்டமில்லை, ஒரு பின்னேரத்தில் இரண்டையும் கேட்டவன் நான். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த ஓட்டோவுக்குக் கிட்டப் போய், சரி என்றால் ஜொய்சனின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிழை என்றால் செசீலியாவின் முகத்தைப் பார்த்து.