தரை தெரியாத இறக்கம்

பெத்தேல் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோன என் அண்ணன் மக்சிமை ஊருக்குக் கொண்டுபோவதற்காக வசிலி தன் விமானத்தின் பின் இருக்கைகளைக் கழற்றி வைத்திருந்தான். சின்ன விமானம், ஒற்றை எஞ்சின். சவப்பெட்டியை ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. பட்டைகளால் இறுக்கிக் கட்டினான். அண்ணி மாத்ரோனா பெட்டியை ஒட்டியிருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒலிங்காக்கா, நீங்க எம்பக்கத்துல வாங்க. பின்னாடி உக்காந்தீங்கன்னா வால் தரையைத் தேய்க்கும்."

"மொதல்ல உன் தொப்பையை எறக்கி வச்சிட்டு வா. அப்புறம் என்னைச் சொல்லு."

அண்ணிகூடச் சிரித்துவிட்டாள். மூடுபனி விலகட்டும் என்று நாள்கணக்கில் காத்துக் கிடந்து, அன்று மதியம்தான் வானம் வழிவிட்டிருந்தது. ஊரில் உறைந்த மண்ணின் மேல் நெருப்பு மூட்டி, இளக்கி இளக்கிக் குழி தோண்டி முடித்திருந்தார்கள். பாதிரியாரும் பக்கத்து ஊரிலிருந்து பனிவண்டியில் வந்து சேர்ந்துவிட்டார்.

பாதி வழி வரை ஆறு தெரிந்தது. இரு கரையிலும் வில்லோ புதர்கள் கரிக்கோடுகளாக ஓடின. பிறகு ஒரு கரை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மறு கரையும் மறைந்தது. பனி பெய்யவில்லை, காற்றும் இல்லை. மேலே வெள்ளை, கீழே அதே வெள்ளை. எது வானம், எது தரை என்று பிரித்துச் சொல்ல ஒரு நிழல்கூட இல்லை. வசிலி பேச்சை நிறுத்தியிருந்தான். அவன் பேசாமல் விமானம் ஓட்டி நான் பார்த்ததில்லை.

ரேடியோவில் ஊரைக் கூப்பிட்டுக் கேட்டான். "இங்கேருந்து எண்ணெய்த் தொட்டி தெரியுது. அதுக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியல" என்றது மறுமுனைக் குரல்.

ஒருமுறை தாழ்ந்து பார்த்தான். ஓடுதளத்தின் ஓரத்தில் அடையாளத்துக்கு நட்டிருந்த கிளைகளில் இரண்டு மூன்று கண்ணில் பட்டு மறைந்தன. உடனே மூக்கைத் தூக்கி மேலே ஏற்றினான்.

"மாத்ரோனாக்கா, திரும்பிடலாம். பெத்தேல்ல இன்னும் தெளிவா இருக்காம்."

அண்ணி பெட்டியின் மேல் கையை வைத்தாள். பிறகு, "திரும்பிப் போய்? மறுபடியும் அந்தக் குளிர்க் கிடங்குல அவரை வைக்கச் சொல்றியா?" என்றாள்.

"ஒரு நாள்தான்க்கா."

"இப்படித்தான் தினம் தினம் சொன்னீங்க. உங்கப்பா இருந்தா எறக்கியிருப்பாரு."

வசிலியின் அப்பாவும் விமானி. அவன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். விமானம் வட்டமடித்து மறுபடி ஓடுதளத்தை நோக்கித் திரும்பியது.

இந்த முறை கிளைகள் வரிசையாகத் தெரிந்தன. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவற்றுக்கு நடுவே எப்போதோ அடித்த காற்று குவித்து வைத்திருந்த பனிமேடு எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வெள்ளையில் வெள்ளை எப்படித் தெரியும்? தரை இன்னும் கீழே இருக்கிறது என்று நினைத்த நேரத்தில் தரை எங்களை அறைந்தது. வலது சக்கரம் பிய்ந்து போனது. இறக்கை பனியைக் கிழித்தது. விமானம் சுழன்று, ஓடுதளத்தை விட்டு எங்களை எங்கோ இழுத்துக்கொண்டு போய், மூக்கைப் புதருக்குள் குத்தி நின்றது.

சத்தம் எல்லாம் ஓய்ந்த பிறகு சொட்டுச் சொட்டென்று ஏதோ ஒழுகுவது மட்டும் கேட்டது. பெட்ரோல் வாடை.

"யாரும் தீ மூட்டாதீங்க" என்றான் வசிலி. அதற்கடுத்து, "என் கால் வரமாட்டேங்குது" என்றான்.

முன்பக்கம் நசுங்கி அவன் வலது காலைக் கவ்வியிருந்தது. ரேடியோ செத்திருந்தது. நான் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் வேலை செய்பவள். கையை விட்டுத் துழாவினேன். ரத்தம் அதிகமில்லை. ஆனால் காலை என்னால் அசைக்க முடியவில்லை. என் விலா எலும்பு ஒன்று மூச்சுக்கு மூச்சு குத்தியது. அண்ணிக்கு நெற்றியில் காயம்.

பனிவண்டிகள் வரும் சத்தம் கேட்டது. நெருங்கியது. கத்தினோம். வண்டிகளின் இரைச்சலில் எங்கள் குரல் யாருக்குக் கேட்கும்? சத்தம் எங்களைக் கடந்து, தேய்ந்து, இல்லாமல் போனது. மறுபடி வேறு பக்கத்தில் வந்தது. அதுவும் போனது. வெள்ளை மெதுவாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

வசிலியின் பல் தந்தியடிக்கும் சத்தம் நின்றது. "இப்ப சூடா இருக்கு" என்று சொல்லித் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான். குளிரில் சாகப்போகிறவன்தான் அப்படிச் சொல்வான்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் பெட்டியின் மூடியைப் பிடித்தாள். மோதலில் அது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. பலகை பிளக்கும் சத்தம் கேட்டது. அண்ணனுக்கு நீர்நாய்த் தோலில், ஓநாய் உரோமத் தலைமூடி வைத்து அவளே தைத்த அங்கியை மேலே போர்த்தியிருந்தோம். அதை உருவி எடுத்தாள்.

வசிலிக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. "வேணாம்க்கா. செத்தவரோடது. என்னையும் கூட்டிட்டுப் போயிடுவாரு."

"மாட்டாரு. உயிரோட இருக்கிறவனுக்குப் போட்டாத்தான் அது அவருக்கும் போய்ச் சேரும்னு நம்ம பெரியவங்க சொல்வாங்க. வாயை மூடிக்கிட்டுக் கையை நுழைடா."

அவன் அழுதான். அவள் அவனைக் குழந்தைக்கு உடுத்துவது போல் உடுத்தி, பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொண்டாள்.

நான் கதவை உதைத்துத் திறந்து வெளியே விழுந்தேன். பிய்ந்து கிடந்த இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து இறக்கையில் அடித்தேன். பொறி பறந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. பெட்ரோல் ஒழுகாத பக்கத்து இறக்கையின் நுனிக்குப் போய் அடித்தேன். விலா எலும்பு கண்ணில் நீர் வரவழைத்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். தேடி வந்தவர்கள் எங்கோ வண்டிகளை அணைத்துவிட்டுக் காது கொடுத்திருக்கிறார்கள். வெகு அருகில், யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் அண்ணனை அடக்கம் செய்தோம். பெட்டிக்கு வேறு மூடி அடித்தார்கள். வசிலியை ராணுவ ஹெலிகாப்டர் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் அவன் வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்து நானும் அண்ணியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காய்ந்த சால்மன் மீனும் சீல் என்ற கடல்நாயின் எண்ணெயும் எடுத்துப் போயிருந்தோம். அண்ணி கட்டிலருகே நின்றபடியே கேட்டாள்.

"நான் சொன்னதாலதான எறக்கின?"

இல்லை என்று சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாக்கா. நீங்க சொன்னதாலதான். ஆனா ஓட்டினது என் கை."

அண்ணி தலையாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீனைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்து அவன் கையில் கொடுத்தாள்.