அடைபட்ட சந்து

தாராவியில் அந்தச் சந்துப் பெண்களெல்லாம் இட்லி விற்றுத்தான் பிழைத்தார்கள். 1965-இல் காலரா பரவியபோது லூர்து மேரியின் கணவன் தாவீதுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மதியத்துக்குள் அவன் கண்கள் குழிந்துவிட்டன.

ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிட ஓடியவளைப் பக்கத்து வீட்டுக் கனகவள்ளி வாசலிலேயே மறித்தாள். "வண்டி வந்தா இந்தச் சந்து முழுசையும் அடைச்சிருவாவட்டி. பொறவு நம்ம இட்லிய எவன் வாங்குவான்? ஒருத்தருக்காவ இத்தன பிள்ளையளும் பட்டினி கெடக்கணுமா?"

அது பொய்யில்லை என்று லூர்து மேரிக்கும் தெரியும்.

"அக்கா, நேத்து மாவரைச்சதே அவருதான். அந்த இட்லிய மாட்டுங்கா ஸ்டேஷன்ல எத்தன பேரு தின்னாவளோ!"

கனகவள்ளியின் முகம் வெளுத்தது. விலகி வழிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தாவீது பிழைத்துக்கொண்டான். கனகவள்ளி பயந்தபடியே சந்து முழுவதையும் அடைத்தார்கள். அடைப்பை எடுத்த பிறகும் யாரும் இட்லி வாங்கவில்லை. எதிர்வீட்டு நயினார் குடும்பம் வெறுங்கையோடு திருநெல்வேலிக்கு ரயிலேறியது. பசித்த பிள்ளைகள் அழும் சத்தம் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம், லூர்து மேரி கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, யாராவது நியாயம் கேட்டு வந்து கதவைத் தட்டிவிடுவார்களோ என்று பயந்தாள்.