ஸனூசி பேரீச்சம்பழம் தின்றாரா?

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மர்ஸா மத்ரூஹ் நகரத்து ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் போன தம்பதியிடம் டாக்டர் மரபணு பற்றிப் பேசியது பாதி காதில் விழுந்தது. மீதிப் பாதியை நானே இட்டு நிரப்புகிறேன். பாலைவனச் சோலையான சீவாவில் தண்ணீர் ஆலைக்கு இயந்திரம் பார்க்க வந்து, அங்கேயே தங்கிப்போனவன் நான். ஆட்களை ஓரளவு தெரியும். மரபணுவைத்தான் தெரியாது.

முதல் வரியாக எழுதியது: "மனித உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும்..." பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன்.

2

மறுபடி. ஸனூசி, ஐம்பது தாண்டியவர், தக்ரூர் மலையடியில் மணல் குளியல் நடத்துகிறார். கோடையில் மூட்டுவலிக்காரர்கள் வருவார்கள். வெயிலில் காய்ந்த குழியில் படுக்கவைத்து, கழுத்துவரை மணல் மூடி வியர்க்கவைப்பது வைத்தியம். குழியில் முதலில் வெறுங்காலை வைத்துச் சூடு பார்ப்பவர் அவர்தான். [கருவி வைக்கலாமே என்பீர்கள். வைத்தால் அங்கே ஒருவரும் படுக்கமாட்டார்.]

சர்க்கரை வியாதி. ஆறு வருஷம் கவனிக்காமல் விட்டார். பிறகு திருந்தி, மூன்று வருஷமாகப் பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை. ஊரே பேரீச்சந்தோப்பு. மனைவி மப்ரூக்கா நம்பவில்லை. அங்கியைத் துவைக்கும்முன் பைக்குள் கொட்டை தேடுவாள்.

அதனால்தான் பாதம் மரத்துப்போனபோது அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், தின்றிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவாள்.

3

அந்த ஜூலையில் குழியில் இறங்கியவன் மப்ரூக்காவின் தம்பி ஹம்மோ.

"மச்சான், சூடு பார்த்தாச்சா?"

"பதமா இருக்கு. படு."

காலை வைத்தார்தான். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததையே பதம் என்று எடுத்துக்கொண்டார். [இங்கே அவரை நல்லவராக்க ஒரு வரி எழுதி, எடுத்துவிட்டேன்.]

ஹம்மோ அலறிக்கொண்டு எழுந்தான். "ஐயோ! என்னை என்ன ரொட்டின்னு நெனச்சீரா?" முதுகெல்லாம் கொப்புளம்.

கால் மரத்ததை ஸனூசி வீட்டில் ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. மப்ரூக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கால் செத்துப்போற அளவுக்குத் திருட்டுத்தனமா தின்னிருக்கீங்க."

"அல்லா மேல ஆணையா இல்லடி!"

"இதுல ஆணை வேற. மூணு வருஷமா நானும் சர்க்கரையில்லாத டீயைக் குடிச்சேனே, யாருக்காக?"

4

நான் ஒட்டுக்கேட்டது இதைத்தான்.

"மூணு மாசச் சராசரிச் சர்க்கரை நல்லாவே இருக்கு" என்றார் டாக்டர்.

"அப்புறம் கால் ஏன் செத்துச்சு டாக்டரம்மா?" என்றாள் மப்ரூக்கா.

"பழைய ஆறு வருஷம். அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரி. அடுப்பை அணைச்சாச்சு, கருகல் போகல. சர்க்கரை மரபணுவை மாத்தல. அதுமேல அடையாளம் வெச்சுட்டுப் போயிடுது. எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா கெடக்கணும்னு அந்த அடையாளம் பார்த்துக்குது. சர்க்கரை எறங்கினப்புறமும் அது அழியாம நரம்பைக் கெடுக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க."

"அப்ப இவர் தின்னல?"

"தின்னாமலும் இப்படி ஆகலாம்னுதான் சொன்னேன். எப்பவாவது ஒண்ணு ரெண்டு தின்னிருந்தா இந்த டெஸ்ட்ல தெரியாதும்மா."

இங்கேதான் நான் குழம்பிப்போனேன். அறிவியல் வந்து அவரைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அது காப்பாற்றவும் இல்லை, மாட்டிவிடவும் இல்லை.

5

முடிவு அ: மப்ரூக்கா அழுது மன்னிப்புக் கேட்கிறாள். (அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: பழி உண்மையாகவாவது இருக்கட்டும் என்று ஸனூசி அவள் கண்ணெதிரே ஒரு பழத்தை வாயில் போடுகிறார். (எழுதிய தாளை நானே கிழித்துப்போட்டேன்.)

முடிவு இ: அவர் உண்மையிலேயே தின்றிருக்கிறார், ஒரே ஒரு பெருநாளன்று, யாரோ கையில் திணித்த...

இல்லை. நான் படைத்த ஆள்தான், ஆனால் மூன்று வருஷமும் கூடவே இருந்தேனா? தொடவில்லை என்று மேலே எழுதியது அவர் சொன்னதை வைத்துத்தான்.

6

ஊர் திரும்பும் பஸ். வெளியே வெறும் பாலை. மப்ரூக்கா அவர் பக்கம் திரும்பினாள்; மகன் பேரைச் சேர்த்து, பிலாலின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

"கடைசியாக் கேக்குறேன், அபூ பிலால். இனிமே கேக்கமாட்டேன். தின்னீங்களா?"

"இல்ல."

நான் அவரை நம்புகிறேன். மப்ரூக்கா நம்பினாளா என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதிக நேரம் காக்கவைக்காதீர்கள்.