முந்நூற்றுப் பன்னிரண்டு சென்னப்பன்கள்

2005ஆம் ஆண்டு ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, ஓசூர் சிப்காட்டில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் முந்நூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களும் சென்னப்பன் ஆனார்கள். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்த ஜெகதீஷ்தான் காரணம். அடையாள அட்டைக்கான படக் கோப்புகள் அவரவர் பெயரில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு எண் சேர்க்க வேண்டும். கையால் மாற்றினால் மூன்று நாள் ஆகுமென்று கறுப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளை எழுதினார். லேத் ஓட்டும் சென்னப்பனின் கோப்பில் சோதித்தார், சரியாக வந்தது. அதே வரியை எல்லாவற்றுக்கும் ஓடவிட்டபோது, அதில் சோதனைக்கு எழுதிய சென்னப்பன் என்ற பெயரை எடுக்க மறந்துவிட்டார். இரண்டு விநாடியில் சென்னப்பன் 1 முதல் சென்னப்பன் 312 வரை வரிசையாக நின்றன. அந்தத் திரையில் செய்ததைத் திரும்பப் பெற வழி கிடையாது.

வருகைப் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் மை தானாகச் சென்னப்பன் என்று மாறியது. யாருக்கும் தன் பெயர் நினைவில்லை. அசல் சென்னப்பன் மட்டும் அலுவலகத்துக்கு வந்து கத்தினார். "எம்பேரு எங்கப்பன் வெச்சது சார். ஊருக்கெல்லாம் பங்கு போடச் சொல்லி யாரு சொன்னா?"

அன்று மாலை வீடு திரும்பியவர்களுக்குத் தீர்வு கிடைத்தது. தொழிற்சாலையில் வேலை பார்க்காத ஒருவர் பழைய பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிட்டால் பெயர் திரும்பியது. இதில் சிரமப்பட்டவர்கள் கணவன் பெயரை ஒருநாளும் சொல்லியிராத மனைவிகள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்துக்குப் பின் முதன்முறையாகக் கணவனை "சுடலைமுத்து" என்று கூப்பிட்ட திருநெல்வேலிக்காரி, "இன்னொருக்கா கேக்கப்பிடாது, ஆமா" என்று முகத்தை மூடிக்கொண்டாள். புதன்கிழமை முந்நூற்றுப் பதினொரு கோப்புகள் சரியாகிவிட்டன.

மிஞ்சியது சென்னப்பன் 87. மூன்று வருடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை நிரந்தர உத்தரவு வர வேண்டும். சொந்தப் பெயர் இல்லையென்றால் உத்தரவு அடுத்தவருக்குப் போகும் என்றார் மேலாளர். அவளோடு வாடகை அறையில் தங்கியிருந்த மூவரும் அதே தொழிற்சாலைக்காரிகள். அவர்கள் கூப்பிட்டுப் பயனில்லை.

"ஊர்ல யாருமே இல்லியாம்மா?" என்றார் ஜெகதீஷ்.

"அம்மா இருக்குது சார், வேப்பனப்பள்ளியில. மாமனைக் கட்டமாட்டேன்னு வந்துட்டேன். மூணு வருசமாப் பேசறதில்ல."

வியாழக்கிழமை ஜெகதீஷ் அந்த ஊர் மாங்காய் மண்டிக்கு போன் போட்டு, அவள் அம்மா சாந்தம்மாவைக் கூப்பிடச் சொன்னார். சாந்தம்மா வந்தாள். "அம்மா, நாந்தான்" என்றாள் மகள். மறுமுனையில் பதினொரு நிமிடம் ஓடியது. அதற்குள் மண்டியில் ஒரு லாரிக்கு மிச்ச மாங்காயை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வண்டி கிளம்பிப் போன சத்தம் முழுதாகக் கேட்டது. ஜெகதீஷ் ரிசீவரை வாங்கக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"மாதேஸ்வரி," என்றாள் சாந்தம்மா. "ஏண்டி கொரலு கம்மிக் கெடக்குது? சாப்ட்டியா இல்லியா?"

திரையில் எண்பத்தேழாவது வரி தானாக மாறியது. மாதேஸ்வரி "ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. அந்தத் தொழிற்சாலையில் இன்றும் யாராவது "சென்னப்பா" என்றால் பழைய ஆட்கள் அத்தனை பேரும் திரும்புகிறார்கள். முதலில் திரும்புவது சூப்பர்வைசர் மாதேஸ்வரி. லேத்தில் இருக்கும் அசல் சென்னப்பன் நிமிர்வதில்லை. "எல்லாரும் திரும்பி முடிக்கட்டும்," என்கிறார், "அப்புறமா நான் பாக்கறேன்."