தாராளமா வண்டி போகும்

"தாராளமா வண்டி போகும்." சோளக்கொல்லையை மனைகளாகப் பிரித்து விற்றபோது பெரியவர் எல்லோரிடமும் இதைத்தான் சொன்னார். பொய் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அங்கே வண்டி என்றால் மாட்டு வண்டிதான். கொல்லை போய், ஊர் போய், இன்று மூன்று மாடி வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. தெரு மட்டும் அதே மாட்டு வண்டி அகலம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இரண்டு மனை குறைந்திருக்கும். விட அவருக்கு மனசு வரவில்லை.

மருமகளுக்கு வலி எடுத்த காலையில், ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

"கண்ணாடியை மடக்கினாலும் உள்ளே வராதுங்க," என்றார் டிரைவர்.

எதிர்வீட்டுத் தையல்காரர் தன் கடை நாற்காலியைக் கொண்டுவந்தார். அவரும் பெரியவரின் மகனும் ஆளுக்கொரு பக்கம் தூக்க, மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர் துணிப்பையோடு பின்னால் நடந்தார். மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் அவரிடம் மனை வாங்கியவர்கள்.

"பெரியவரே, வண்டி போகும்னு சொல்லித்தானே எங்க தலையில கட்டுனீங்க?" தையல்காரருக்கு மூச்சிரைத்தது. "இப்ப பாருங்க, நாங்கதான் மாடு!"

மாடியில் யாரோ சிரித்தார்கள். பெரியவருக்குக் காது மடல் கொதித்தது.

முனையில் நாற்காலி மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் பைக்குகள். மறுபக்கம், வாடகைக்கு விட அவரே கட்டிய கடையின் படிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. நாற்காலியைச் சாய்த்தபோது மருமகள் "அம்மா!" என்று அலறி, கைக்கு எட்டிய மாமனாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

"மாமா, பேத்தியைத் தூக்க மாட்டீங்களா?"

"கை கழுவிட்டு வரேன்மா," என்று போனவர் திரும்பவே இல்லை. நேராகத் தெருவுக்கு வந்து, கொத்தனாரைக் கூப்பிட்டுக் கடைப்படிகளை இடிக்கச் சொன்னார்.

வீடு திரும்பும் நாளில் டாக்சிக்காரர் கேட்டார்: "வாசல் வரைக்கும் வண்டி போகுமா, ஐயா?"

மகன் அப்பாவைப் பார்த்தான். பழைய பதில் அவர் நாக்கு நுனிவரை வந்தது.

"போகாது தம்பி. முனையிலேயே நிறுத்துங்க."

முதல்முறையாகப் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, உடைந்த செங்கல்லைத் தாண்டி நடந்தார்.

"என்ன பெரியவரே," தையல்காரர் கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார், "மாடு மாத்தியாச்சா?"

பெரியவர் தலை நிமிரவில்லை. குழந்தையின் தலை எந்தச் சுவரிலும் இடித்துவிடாமல், ஒருக்களித்தே நடந்தார்.