மழை வந்தால் ஊமையாகும் ரேடியோ

சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் குலசிங்கம் தனியார் ஆம்புலன்ஸ் சேவை நடத்திவந்தார். 1984 டிசம்பரில் ஒரு மத்தியானம், மூச்சுத் திணறிய பெரியவர் ஒருவரை ஏற்றிவர, ஆங் மோ கியோவில் நின்ற வண்டியை ரேடியோவில் கூப்பிட்டார்கள். பதிலே இல்லை. வீட்டார் டாக்சி பிடித்து அவரைக் காப்பாற்றினார்கள். பழி ஓட்டுநர் நூருல் அமீன் தலையில் விழுந்தது.

"வண்டியில தூங்கிட்டு, கேக்கலன்னு சொல்றியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தி, குலசிங்கம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மாடியிலிருந்த ரேடியோ செட்டைச் சோதிக்க வந்தவள் ரூபி. பாலிடெக்னிக்கில் படித்த டெக்னீஷியன். செட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

"அப்ப ஆளில்தான் பிழை," என்றார் குலசிங்கம்.

ரூபிக்கு மனம் ஒப்பவில்லை. அமீனைத் தேடிப்போய்க் கேட்டாள். "அண்ணே, அன்னைக்கு உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"வெறும் இரைச்சல்தான் தங்கச்சி. மழை வேற கொட்டுச்சு லா."

அவள் சோதித்ததோ நல்ல வெயிலில். அடுத்த மழைக்காகக் காத்திருந்தாள். வானம் இருண்டதுமே கருவிகளை அள்ளிக்கொண்டு குலசிங்கத்தின் மாடிக்குப் பஸ் ஏறினாள்.

அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டரைச் செட்டில் மாட்டினாள். மழை வலுக்க வலுக்க முள் ஏறியது; சக்தி வெளியே போகாமல் திரும்பிக்கொண்டிருந்தது. ஆண்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, ஆண்டெனாவுக்குப் பதிலாக நிற்கும் டம்மி லோடை அங்கே பொருத்தினாள். முள் இறங்கிவிட்டது. செட்டு நல்ல செட்டுதான். கோளாறு வெளியே, கேபிளிலோ கூரைமேல் ஆண்டெனாவிலோ இருக்கிறது.

"விடுங்க மிஸ், கூரை வழுக்கும்," என்றார் குலசிங்கம்.

"இடி நிக்கட்டும் சார். தூறல்ல ஏறிடுவேன்."

சொன்னபடியே கூரைக்கு ஏறினாள். இப்போது கேபிளின் மேல்முனையில் ஆண்டெனாவை எடுத்துவிட்டு டம்மி லோடை மாட்டினாள். கீழே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த குலசிங்கம், "முள் இறங்கேல்ல!" என்று குரல் கொடுத்தார். ஆக, குற்றவாளி கேபிள்.

சுவரோரமாக அதை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கீழ்க்கடையின் புதுப் பெயர்ப்பலகைக்கு அடித்திருந்த ஆணி ஒன்று கேபிளின் தோலைக் கிழித்திருந்தது. அந்த இடத்தில் வெட்டியதும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. குலசிங்கம் அதைப் பார்த்தார்.

மறுநாள் ரூபி புதுக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது, ஆள்விட்டுக் கூப்பிட்டதன் பேரில் அமீன் வந்து நின்றார்.

"இன்னைக்கே வண்டிய எடுங்க," என்றார் குலசிங்கம்.

அமீன் அசையவில்லை. "எல்லார் முன்னாலயும் சொன்னீங்க சார். அது தப்புன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

குலசிங்கத்தின் முகம் சிவந்தது. ரூபி கடைசி இணைப்பை முறுக்கி, மீட்டரைப் பார்த்து, மைக்கை அவரிடம் நீட்டினாள்.

"எல்லா வண்டிக்கும்," என்று தொடங்கியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அமீன் தூங்கேல்ல. கேபிள்தான் பழுது. நான் பேசினது பிழை."

"கேட்டுச்சு சார், தெளிவா கேட்டுச்சு," என்றது தெம்பனிஸில் நின்ற வண்டி.

அமீன் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.